சந்தியாகப்பர் வழி

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் சமுத்திரத்து ஈரக்காற்றும் அடிக்கடி பெய்யும் மழையும் ஆண்டு முழுவதும் பசுமை குன்றாமல் காத்துவரும் கலீசியா என்னும் மலைநாட்டில், சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா என்ற பழைய நகரம் ஒன்று இருக்கிறது. மத்திய காலத்து ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் எருசலேமுக்கும் ரோமாபுரிக்கும் அடுத்தபடியாக மகிமை கொடுத்துப் போற்றிய யாத்திரை ஸ்தலம் அதுதான். இயேசுநாதரின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களுள் ஒருவரும், செபதேயு என்ற மீனவரின் குமாரரும், இராமேசுவரத் தீவில் தங்கச்சிமடத்துக் கடற்கரையிலே கோயில் கொண்டு ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நம் மக்களால் திருவிழா எடுக்கப்பெறுபவருமான சந்தியாகப்பரின் உடல், அந்நகரத்துப் பேராலயத்தின் பீடத்துக்கு அடியில் இருக்கிறது என்பது அவர்களுடைய விசுவாசம். அந்த விசுவாசத்தைத் துணையாகக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய வழிகள் பல. அவற்றுள் தலைமையானது, பிரான்சின் எல்லையில் பிரனீஸ் மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டு, நவார்ரா, ரியோகா, காஸ்தீல், லெயோன் ஆகிய நாடுகளைக் கடந்து கலீசியாவில் முடியும் ஏறத்தாழ 780 கிலோமீட்டர் வழி.

அந்த வழி ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே ஜனசஞ்சாரம் மிகுந்த வழிகளுள் ஒன்றாக இருந்தது; பிறகு புல் மூடி, கிராமத்தாருக்கே அடையாளம் சொல்லத் தெரியாதபடி மறைந்தது; நம் காலத்தில், உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் முதுகில் மூட்டையோடு வந்து நடப்பவர்களால் மீண்டும் நிறைந்திருக்கிறது. செழித்தபோது பக்தி காரணம் என்றும், மறைந்தபோது பக்திக் குறைவு காரணம் என்றும் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இன்று நடப்பவர்களில் கணிசமானோர் பக்தியின் பொருட்டு வருபவர்கள் அல்லர் என்பதை நினைக்கும்போது அந்த விளக்கம் போதாது என்பது புலப்படும். இந்த வழியின் சரித்திரத்தை ஊன்றிப் பார்க்கிறவர்களுக்கு, அதன் வாழ்வும் தாழ்வும் வேறொன்றைச் சார்ந்து நின்றன என்று தோன்றாமல் போகாது. அதைச் சொல்வதற்கு ஆதிகாலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சந்தியாகப்பர் பாலஸ்தீனத்தில் ஏரோது அக்கிரிப்பா அரசனால் வாளுக்கு இரையாக்கப்பட்டார் என்பது விவிலியத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அவருடைய சீடர்கள் அவர் உடலைத் தோணியில் ஏற்றி ஸ்பெயினின் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள் என்பதும், எண்ணூறு ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்த அந்தக் கல்லறையின் மீது அதிசயமான ஒளிகள் தோன்றுவதைப் பெலாயோ என்ற துறவி கண்டு மேற்றிராணியார் தியோதெமிருக்குத் தெரிவித்தார் என்பதும் பரம்பரை விருத்தாந்தம். 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அஸ்தூரியாஸ் நாட்டை ஆண்ட இரண்டாம் அல்போன்சு காலத்தில் இது நிகழ்ந்தது. தோணியில் உடல் வந்த கதையைச் சரித்திர ஆசிரியர்கள் ஏற்பதில்லை. அந்தக் கல்லறையில் இருப்பவர் யார் என்று நிரூபிக்க யாராலும் இயலாது. ஆயினும் தியோதெமிர் கற்பனைப் புருஷர் அல்லர் என்பது நிச்சயம். 1955-இல் பேராலயத்தின் தளத்துக்குக் கீழே தோண்டியபோது, அவர் 847-இல் இறந்தார் என்று செதுக்கிய கல் கிடைத்தது. தம்முடைய ஆசனம் இருந்த ஊரை விட்டுவிட்டு, தாம் கண்டெடுத்த கல்லறையின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று அவர் விரும்பியிருக்கிறார். தம் கண்டுபிடிப்பில் அவருக்கு இருந்த நம்பிக்கைக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தச் சரித்திரத்தில் மனத்துக்கு ஒவ்வாத பகுதி ஒன்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஸ்பெயினின் பெரும்பகுதி அப்போது முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. வடக்கே ஒதுங்கியிருந்த சிறு கிறிஸ்தவ அரசுகளுக்குத் தெய்வத் துணை வேண்டியிருந்தது. மீன் பிடித்து வாழ்ந்த அப்போஸ்தலரை வெள்ளைக் குதிரைமீது ஏற்றி, கையில் வாளைக் கொடுத்து, முஸ்லிம் வீரர்களை வெட்டி வீழ்த்தும் போர்த் தெய்வமாகச் சித்திரித்தார்கள். அவர் தோன்றிப் போரிட்டதாகச் சொல்லும் கிளாவிஹோ யுத்தம் நடந்ததேயில்லை என்று இன்றைய ஆராய்ச்சி கூறுகிறது. மறுபக்கத்தில், 997-இல் கோர்தோபாவின் தளபதி அல்மன்சூர் கொம்போஸ்தேலாவைத் தாக்கி ஆலயத்தை இடித்தபோது, கல்லறையை மாத்திரம் தொடாமல் விட்டார். ஆலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோள்களில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டுபோய்ப் பள்ளிவாசலில் விளக்குகளாக்கினார். 1236-இல் மூன்றாம் பெர்னாந்து கோர்தோபாவைப் பிடித்தபோது அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோள்களில் ஏற்றித் திருப்பி அனுப்பியதாகப் பழைய வரலாறுகள் சொல்கின்றன. வாள் பிடித்த அந்த உருவம் அரசர்களுக்கு வேண்டியதாக இருந்தது. வழியில் நடந்தவர்கள் தங்களுக்கென்று வேறோர் உருவத்தை அமைத்துக்கொண்டார்கள். அதில் அப்போஸ்தலர் தாமே அகன்ற தொப்பி அணிந்து, கையில் கோலும் தோளில் பையும் தாங்கி, கிளிஞ்சல் சின்னம் தரித்த யாத்திரிகராக நிற்கிறார். இந்த வழியின் ஆன்மா இரண்டாவது உருவத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அயல்நாட்டிலிருந்து வந்த யாத்திரிகர்களுள் நமக்கு நன்றாகத் தெரிந்த முந்தியவர் பிரான்சிலுள்ள லெ புய் நகரத்து மேற்றிராணியார் கொதெஸ்கால்க். 950-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் பரிவாரத்தோடு சென்ற செய்தி நமக்குத் தெரிவது ஓர் ஏட்டுப்படியால்: வழியில் அல்பெல்தா மடாலயத்தில் கொமெசானோ என்ற துறவி அவருக்காக ஒரு நூலைப் பிரதி செய்து கொடுத்து, அதன் முகப்பில் அவர் யாத்திரையையும் குறித்து வைத்தார். அடுத்த நூற்றாண்டில் நவார்ராவின் மூன்றாம் சாஞ்சோ மன்னர், மலைச்சந்துகளில் ஒளிந்து சென்ற பழைய தடத்தைத் தெற்கே சமவெளிக்கு மாற்றினார். காஸ்தீலையும் லெயோனையும் ஆண்ட ஆறாம் அல்போன்சு, கலீசியாவின் வாசலான வல்கார்சே பள்ளத்தாக்கில் கோட்டைக்காரர்கள் யாத்திரிகர்களிடம் பறித்துவந்த சுங்கத்தை 1072-இல் ஒழித்தார். வழியோரத்தில் குடியேற விரும்பிய பிரெஞ்சுக் கைவினைஞர்களுக்கும் வணிகர்களுக்கும் உரிமைப் பட்டயங்கள் வழங்கப்பட்டன. 1090-இல் எஸ்தெய்யா நகரம் அப்படிப் பிறந்தது.

அரசர்கள் பட்டயம் எழுதலாம். சேற்றில் புதைந்த காலை வெளியே எடுத்துவிட ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள் ரியோகா நாட்டில் இருந்தார். 1019-இல் விலோரியா என்ற சிற்றூரில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்த தொமிங்கோ, துறவியாக வேண்டுமென்று இரண்டு மடாலயங்களின் கதவைத் தட்டினார். போதிய கல்வியில்லை என்று இரண்டிலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது வரலாறு. அவர் ஓகா ஆற்றங்கரைக் காட்டில் தனியே குடிசை கட்டிக்கொண்டு தவம் செய்யத் தொடங்கினார். அந்தக் காட்டில் வழி தப்பி அலைந்தவர்களும், ஆற்றைக் கடக்கும்போது வெள்ளத்தில் போனவர்களும், கொள்ளையருக்கு இரையானவர்களும் ஒருவர் பின் ஒருவராக அவர் கண்ணில் பட்டார்கள். ஜபமாலையை வைத்துவிட்டு அரிவாளை எடுத்தார். மரங்களை வெட்டிக் காட்டை ஊடறுத்துக் கல் பாவிய சாலை போட்டார். ஆற்றின்மேல் பாலம் கட்டினார். பாலத்தருகே ஒரு சத்திரமும், நோயுற்றவர்களுக்கு ஒரு மருத்துவச்சாலையும், ஒரு கோயிலும் எழுப்பினார். ஆறாம் அல்போன்சு இதைக் கேள்வியுற்று உதவி செய்தார். 1109-இல், தொண்ணூறு வயதில், அவர் தாம் போட்ட சாலையின் ஓரத்திலேயே அடக்கமானார். அவருடைய குடிசை இருந்த இடத்தில் அவர் பெயரையே தாங்கிய நகரம் ஒன்று வளர்ந்தது: சாந்தோ தொமிங்கோ தெ ல கல்சாதா. ஸ்பெயினில் சாலையும் பாலமும் கட்டும் பொறியாளர்கள் இன்றும் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகிறார்கள். மடாலயங்கள் ஏற்றுக்கொள்ளாத மனிதர் ஒருவர் ஒரு சாலையையே தம் மடாலயமாக்கிக் கொண்டார். பரோபகாரத்தின் சரித்திரத்தில் இதற்கு இணையான செயல்கள் மிகச் சிலவே.

அவருக்குத் துணைநின்ற சீடர் ஹுவான் தெ ஒர்தேகா, குரு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, திருடர்களுக்கும் ஓநாய்களுக்கும் பேர்போன ஒகா மலைக்காட்டின் நடுவே கோயிலும் சத்திரமும் அமைத்தார். அந்தக் கோயிலில் ஒரு தூணின் தலைப்பகுதியில் கன்னிமரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. இரவும் பகலும் சமமாக நிற்கும் மார்ச்சு, செப்டம்பர் மாத நாட்களில் மாலைச் சூரியனின் கதிர் ஒன்று சாளரத்தின் வழியே வந்து சரியாக அந்தச் சிற்பத்தின்மேல் படியும். கட்டியவர்களின் சிரத்தையை இதிலிருந்து அறியலாம்.

தொமிங்கோவின் நகரத்துக் கோயிலில் இன்றும் ஒரு சேவலும் பெட்டைக்கோழியும் உயிரோடு கூண்டில் வைத்து வளர்க்கப்படுகின்றன. பெற்றோருடன் யாத்திரை வந்த ஜெர்மானிய இளைஞன் ஒருவன் செய்யாத திருட்டுக்காகத் தூக்கிலிடப்பட்டும் அப்போஸ்தலரின் அருளால் உயிரோடிருந்தான் என்றும், அதை நம்பாத நீதிபதி, 'என் தட்டிலுள்ள இந்தப் பொரித்த கோழி எவ்வளவு உயிரோடிருக்கிறதோ அவ்வளவுதான் அவனும்' என்று சொன்ன மாத்திரத்தில் கோழி எழுந்து கூவிற்று என்றும் கதை சொல்வார்கள். கதையின் அற்புதத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தால், அயலூரில் நாதியில்லாமல் அகப்பட்டுக்கொள்ளும் வழிப்போக்கனின் பயம் அதில் தெளிவாகத் தெரிகிறது.

அந்தப் பயத்தையும், அதோடு வழியின் சுகதுக்கங்கள் அனைத்தையும் நேரில் கண்டதுபோல் நமக்குக் காட்டும் நூல் ஒன்று கொம்போஸ்தேலாப் பேராலயத்தில் பாதுகாக்கப்படுகிறது. 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொகுக்கப்பட்டு, கனம் கருதிப் பாப்பரசர் இரண்டாம் கலிஸ்துவின் பெயரால் வழங்கப்பட்ட அந்தச் சுவடியின் ஐந்தாம் பகுதி, முழுக்க முழுக்க யாத்திரிகனுக்கு வழி சொல்வது. அதை எழுதியவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்பது அறிஞர்களின் கருத்து. தூர், வெஸலே, லெ புய், ஆர்ல் என்னும் நான்கு திசைகளிலிருந்து பிரான்சைக் கடந்துவரும் நான்கு பாதைகள் புவெந்தே ல ரெய்னாவில் ஒன்றுசேர்வதை முதலில் சொல்லி, எந்த ஆற்றுநீர் குடிக்க நல்லது, எந்த ஊரில் ரொட்டி கிடைக்கும், எந்த ஓடக்காரன் படகைக் கவிழ்த்துப் பிணத்தின் மடியை அவிழ்ப்பான் என்று ஆசிரியர் வரிசையாக எச்சரித்துக்கொண்டே போகிறார். லோர்காவுக்கு அருகே ஓடும் உப்பாற்றின் கரையில் இரண்டு நவார்ராக்காரர்கள் கத்தி தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும், தண்ணீர் நல்லதுதான் என்ற அவர்கள் வார்த்தையை நம்பிக் குடிக்கவிட்ட குதிரைகளில் இரண்டு அங்கேயே விழுந்து இறந்ததையும், உடனே அவர்கள் தோலை உரிக்கத் தொடங்கியதையும் சொல்லும்போது அவருடைய கோபம் எட்டு நூற்றாண்டுகளைக் கடந்தும் ஆறாமல் இருக்கிறது. நவார்ரா மக்களை அவர் வைவதில் நியாயத்துக்கு இடமில்லை. எனினும் அவர்களுடைய பாஸ்க் மொழியில் ரொட்டிக்கும் மீனுக்கும் தண்ணீருக்கும் உள்ள சொற்களைக் குறித்து வைத்துப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவுகிறார். அம்மொழிக்குக் கிடைத்த ஆதிச் சொற்பட்டியல்களுள் அதுவும் ஒன்றாயிற்று.

அதே நூலில் வரும் மற்றொரு செய்தி என் மனத்தை மிகவும் கவர்ந்தது. 1075-இல் தொடங்கி 1211-இல் அபிஷேகம் செய்யப்பெற்ற பேராலயத்தின் கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டது. திரியாகாஸ்தெலா என்ற ஊரில் சுண்ணாம்புக் கல் இருந்தது. சூளைகளோ நெடுந்தூரம் தள்ளிக் காஸ்தஞேதாவில் இருந்தன. எனவே திரியாகாஸ்தெலாவைக் கடக்கும் ஒவ்வொரு யாத்திரிகனும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு நடந்து காஸ்தஞேதாவில் போட்டுவிட்டுப் போவது வழக்கமாயிருந்தது. பிரபுவும் பிச்சைக்காரனும் ஆளுக்கொரு கல் சுமந்தார்கள். இன்று அந்தப் பேராலயத்தில் மத்தேயு ஆசாரி 1188-இல் நிறுத்திய மகிமை வாயிலின் சிற்பங்களைக் கண்டு வியக்கிறவர்கள், அதன் சுவர்களைப் பிணைத்திருக்கும் காரையில் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் தோள்வலி கலந்திருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வழி நெடுகிலும் சத்திரங்கள் எழுந்தன. பிரனீஸ் கணவாயில் ரோன்செஸ்வாயெஸ் சத்திரத்தைச் சேர்ந்தவர்கள், மூடுபனியில் வழி தெரியாமல் தவிப்பவர்களுக்கு ஓசையாவது துணையாகட்டும் என்று மணியடித்தார்கள். பனி கொட்டும் லெயோன் மலையுச்சியில், ஃபொன்செபதோன் என்ற இடத்தில், கௌசெல்மோ என்னும் துறவி அடைக்கலம் அமைத்தார். அதன் மறுசரிவிலுள்ள எல் அசேபோ கிராமத்தார், பனி மூடினாலும் பாதை தெரியும்படி நெடுகக் கோல்கள் நட்டுப் பராமரிப்பதற்குப் பிரதியாக வரிவிலக்குப் பெற்றிருந்தார்கள். பத்தாம் அல்போன்சு 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்த சட்ட நூலிலே யாத்திரிகனுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அவன் உடைமைக்குப் பாதுகாப்பும், வழியில் இறக்க நேர்ந்தால் தன் விருப்பப்படி மரணசாசனம் எழுதும் உரிமையும் அதில் உறுதி செய்யப்பட்டன. சத்திரத்துத் தர்மம் என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சேதுயாத்திரைக்குச் சாலையும் சத்திரமும் கட்டிவைத்த நாடு இது.

யார் யார் நடந்தார்கள்? நேர்த்திக்கடன் கழிக்க வந்தவர்கள், பாவமன்னிப்பு நாடி வந்தவர்கள், நோய் தீர வந்தவர்கள், ஊர் பார்க்க வந்தவர்கள். ஃபிளாண்டர்ஸ் நகரங்களின் நீதிமன்றங்கள் குற்றவாளிகளைக் கொம்போஸ்தேலாவுக்கு நடந்து போய்வரும்படி தண்டித்தன. போய்வந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இறந்துபோன செல்வர்களின் உயிலின்படி கூலி வாங்கிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. ஸ்வீடன் தேசத்து அர்ச். பிரிஜித் 1340-களில் கணவரோடு வந்தாள். இங்கிலாந்திலிருந்து மார்ஜெரி கெம்ப் 1417-இல் கப்பலில் வந்தாள். உடம்பைப் பணயம் வைத்த பிரயாணம் அது. வழியோரத்துக் கல்லறைத் தோட்டங்களில் ஊர் பேர் தெரியாத யாத்திரிகர்கள் ஏராளமாக உறங்குகிறார்கள்.

16-ஆம் நூற்றாண்டில் வீழ்ச்சி தொடங்கிற்று. லூத்தர் யாத்திரையைக் கண்டித்தார், எராஸ்மு பரிகசித்தார், ஐரோப்பாவில் பாதி நாடுகள் அர்ச்சியசிஷ்டர்களின் வணக்கத்தையே கைவிட்டன. மதச் சண்டைகள் பிரான்சின் பாதைகளை அடைத்தன. 1589-இல் ஆங்கிலத் தளபதி டிரேக் கொருஞா துறைமுகத்தைத் தாக்கியபோது, அதிமேற்றிராணியார் சன்கிளெமெந்தே அப்போஸ்தலரின் திருப்பண்டங்களை ஒளித்துவைத்தார். ஒளித்த இடம் பிறகு யாருக்கும் தெரியாமல் போயிற்று. மூன்று நூற்றாண்டுகள் ஜனங்கள் வெறும் பீடத்தையே வணங்கினார்கள். ஆயினும் நடை உடனே நின்றுவிடவில்லை. 1670-களில்கூடப் பொலோஞா நகரத்துக் குரு தொமெனிக்கோ லாஃபி நடந்து வந்து விரிவாக எழுதிவைத்தார். வழிக்கு மரண அடி விழுந்தது 1830-களில். மெந்திசாபால் மந்திரி மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களை ஏலத்தில் விற்றபோது, எழுநூறு ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்த சத்திரத்து அடுப்புகள் அணைந்தன. மடத்துக்காரர்கள் எல்லோரும் தர்மவான்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொத்துக்களில் ஏழைக்குப் போகாதது நிறைய இருந்தது. ஆனால் வழிப்போக்கனுக்குக் கஞ்சி ஊற்றியவர்களும் அவர்களே. அந்த இடத்துக்கு அரசாங்கம் வேறு யாரையும் கொண்டுவந்து வைக்கவில்லை.

இனி வருவதுதான் இந்தச் சரித்திரத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. 1879-இல், சரித்திரப் பண்டிதரான லோபெஸ் ஃபெர்ரேய்ரோ முன்னின்று நடத்திய தோண்டுதலில், காணாமற்போன எலும்புகள் பீடத்தின் பின்புறத்திலே அகப்பட்டன. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1884-இல் அவற்றை அப்போஸ்தலருடையவை என்று உலகுக்கு அறிவித்து, யாத்திரை செய்யுமாறு விசுவாசிகளைத் தூண்டினார். கல்லறை மீண்டது, திருச்சபையின் தலைவரே சாட்சியம் சொன்னார், பரிபூரண பலனும் வாக்களிக்கப்பட்டது. அப்படியிருந்தும் வழி நிறையவில்லை. விழா நாட்களில் ரயிலிலும் பிற்பாடு பஸ்ஸிலும் கூட்டம் வந்து இறங்கிற்றே தவிர, காலால் நடந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலையே தொடர்ந்தது. ஃபிராங்கோவின் அரசாங்கம் 1937-இல் சந்தியாகப்பரைத் தேசத்தின் பாதுகாவலராக மீண்டும் பிரகடனம் செய்து, வாள் பிடித்த உருவத்தைத் தன் யுத்தத்துக்குத் துணையாக அழைத்துக்கொண்டது. அதனாலும் வழியில் ஒரு புல்லும் மிதிபடவில்லை. 1960-களில் மிஞோ ஆற்றில் அணைகட்டியபோது வழியின் மீதிருந்த பழைய போர்த்தோமரின் ஊர் நீருக்குள் போயிற்று. கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் கட்டிவைத்தார்கள்.

அந்தக் காலத்தில்தான், 1959-இல், கலீசியாவின் கிழக்கு எல்லையில் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்திலுள்ள ஓ செப்ரேயிரோ என்ற மலைக்கிராமத்துக்கு எலியாஸ் வலீஞா சம்பெத்ரோ பங்குக் குருவாக வந்தார். முட்டை வடிவத்தில் கல்லால் சுவரெழுப்பி வைக்கோல் வேய்ந்த ஆதிகால வீடுகள் சில, 11-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் துறவிகள் நடத்திய சத்திரத்தின் இடிபாடு, சின்னஞ்சிறு கோயில் ஒன்று: ஊர் அவ்வளவே. கடும் பனிப்புயலில் பூசை காண வந்த ஒரு குடியானவனை, இவ்வளவு சிறிய ரொட்டித் துண்டுக்காகவா இத்தனை கஷ்டம் என்று பூசை செய்த துறவியே மனத்துள் இகழ, அப்பமும் இரசமும் அவர் கண்ணெதிரே மாம்சமும் இரத்தமுமாயின என்று சொல்லப்படும் அற்புதம் இந்தக் கோயிலுக்கு உரியது. அந்தப் பாத்திரம் இன்றும் இருக்கிறது. நடந்து வந்தவனை இகழாதே என்ற போதனை அந்தக் கோயிலின் சுவரிலேயே ஊறியிருந்தது போலும்.

வலீஞா கோயிலைப் பழுது பார்த்தார். இடிந்த சத்திரத்தை எழுப்பினார். வைக்கோல் வீடுகளைக் காத்தார். அதோடு நிற்கவில்லை. யாத்திரிகனுக்கு மத்திய காலச் சட்டங்கள் வழங்கியிருந்த உரிமைகளையும் பாதுகாப்பையும் ஆராய்ந்து, சலமான்காவில் டாக்டர் பட்டத்துக்கு நூல் எழுதினார். அது 1971-இல் அச்சேறியது. பழைய ஏடுகளையும் ஊர்க் கிழவர்களின் ஞாபகத்தையும் ஒப்பிட்டு, பாதை எந்த வயலின் வழியே போயிற்று, எந்தத் தோப்பில் திரும்பிற்று என்று அடி அடியாகத் தேடினார். ஏட்டிலே கண்ட உரிமைகள் அனுபவிக்க ஆளில்லாமல் கிடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை என்றே நினைக்கிறேன்.

1984-இல், சாலைப் பணியாளர்கள் பயன்படுத்தி மிச்சமான மஞ்சள் வர்ணத்தை வாங்கி, தம்முடைய சித்ரோயன் காரில் ஏற்றிக்கொண்டு, பிரனீஸ் மலையிலிருந்து கொம்போஸ்தேலா வரைக்கும் பாறையிலும் மரத்திலும் வேலிக்கல்லிலும் அம்புக்குறி இட்டுக்கொண்டே வந்தார். எல்லைப்புற மலைச்சாலையில் இதைக் கண்டு சந்தேகப்பட்டு நிறுத்திய போலீசாரிடம், பிரான்சிலிருந்து வரப்போகும் ஒரு பெரிய படையெடுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் மறுமொழி சொன்னதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பாதையின் நண்பர்கள் சங்கங்களைக் கூட்டினார். ஒரு பத்திரிகை நடத்தினார். நடப்பவன் கையில் வைத்துக்கொள்ளத்தக்க வழிகாட்டி நூலும் எழுதியிருந்தார். 1989 டிசம்பரில், அறுபது வயதில், அவர் காலமானார்.

பாப்பரசர் அறிவித்தும் வராத ஜனங்கள், சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு மலைக்கிராமத்துக் குரு இட்ட அம்புக்குறியைப் பின்பற்றி வரலானார்கள். 1987-இல் ஐரோப்பிய மன்றம் இதைத் தன் முதலாவது பண்பாட்டு வழியாக அறிவித்தது; 1993-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதே ஆண்டு அப்போஸ்தலரின் திருநாளாகிய ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வாய்த்த புனித ஆண்டு. கலீசிய அரசாங்கம் பெரும் பொருள் செலவிட்டு விளம்பரமும் விடுதிகளும் செய்தது. அரசாங்கத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆயினும் அது வந்து சேர்ந்தபோது வழி ஏற்கெனவே குறியிடப்பட்டிருந்தது. 1980-களின் நடுவே ஆண்டுக்குச் சில நூறு, சில ஆயிரம் என்றிருந்த நடையாளர் தொகை 1993-இல் ஏறத்தாழ ஒரு லட்சமாயிற்று. 2023-இல் 4,40,000-ஐத் தாண்டிற்று. ஆளொழிந்து கூரை இற்றுக் கிடந்த ஃபொன்செபதோனில் மீண்டும் அடுப்புப் புகைகிறது. முன்பு தாங்கள் நடந்தபோது பெற்ற உபசாரத்துக்கு ஈடாக, விடுமுறையில் வந்து கூலி வாங்காமல் விடுதிகளைப் பெருக்கிச் சமைத்துப்போடும் தொண்டர்கள் பலர் இருக்கிறார்கள். தொமிங்கோவின் நகரத்துக்கு அடுத்த கிரஞோன் ஊரில், கோயிலை ஒட்டிய விடுதியில் படுக்கப் பாய் உண்டு, உண்ண ராச்சாப்பாடு உண்டு, கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு பெட்டி திறந்தபடி இருக்கிறது. முடிந்தவர் போடலாம், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் செழிப்புக்கு உள்ளேயே ஓர் ஆபத்தும் வளர்ந்திருக்கிறது. கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே பேராலயத்து அத்தாட்சிப் பத்திரம் கிடைக்கும் என்பது விதி. ஆகையால் மிகப் பலர் அந்த எல்லைக்குச் சற்று முன்னுள்ள சாரியா நகரத்தில் வந்து இறங்கி, மூட்டையை வண்டியில் முன்னே அனுப்பிவிட்டு, ஐந்தாறு நாட்களில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பகுதியில் கூட்டம் நெரிகிறது; விடுதி நடத்துவது நல்ல வியாபாரமாகி, திறந்த பெட்டி வைத்த விடுதிகள் அங்கே அரிதாகிவிட்டன. நடப்பவர்கள் மதநம்பிக்கை இல்லாதவர்களாக இருப்பது வழிக்குக் கேடு என்று நான் கருதவில்லை. மத்திய காலத்திலும் ஊர் பார்க்கப் போனவர்கள் இருந்தார்கள். தொமிங்கோவின் பாலத்தில் கால் வைக்காமலும், கிரஞோன் பெட்டியைப் பார்க்காமலும், வலீஞாவின் கோயிலில் ஒரு நிமிஷம் நிற்காமலும் வந்து பத்திரம் வாங்கிப் போகிறவர்கள் பெருகுவதே கேடு. இந்த வழியை முதலில் உண்டாக்கியதும் பிறகு மீட்டதும் எதுவோ, அதைக் காணாமலே அவர்கள் திரும்பிவிடுகிறார்கள்.

நம் நாட்டிலிருந்தும் அங்கே நடக்கப் போகிறவர்கள் இப்போது உண்டு. அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: சாரியாவில் தொடங்காதீர்கள். முழு வழிக்கு அவகாசம் இல்லையென்றால், இன்னும் இரண்டு நாள் முன்பாக ஓ செப்ரேயிரோவிலிருந்தாவது புறப்படுங்கள். கொம்போஸ்தேலாவுக்கு அங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கோயிலுக்கு வெளியே அந்தக் குருவின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அவருக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு இறங்குங்கள். இரண்டாம் நாள் திரியாகாஸ்தெலாவைக் கடக்கும்போது, சூளை இல்லாவிட்டாலும், ஒரு சிறு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.